தட்டு ஃபீடரா, பாட்டில் ஃபீடரா? ஹம்மிங் பறவைகளைப் பார்க்கவும் படமெடுக்கவும் ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் வீட்டுத் தோட்டத்துக்கு ஹம்மிங் பறவைகளை வரவழைக்க விரும்புகிறவர்களுக்குக் கடைகளில் பெரும்பாலும் இரண்டு வகை ஃபீடர்கள், அதாவது பறவைக்கு உணவு வைக்கும் கலங்கள், கிடைக்கின்றன. ஒன்று, சர்க்கரைக் கரைசல் நிரப்பிய பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் வாயில் பூ வடிவத் துளைகள் கொண்ட சிவப்பு அடிப்பகுதியைத் திருகிப் பொருத்துவது. மற்றொன்று, ஆழமில்லாத அகன்ற தட்டில் கரைசலை ஊற்றி, துளைகளிட்ட சிவப்பு மூடியால் மூடுவது. நடு டெக்சாஸில், ஆஸ்டின் நகரை ஒட்டிய எங்கள் வீட்டில் இரண்டையும் பயன்படுத்திப் பார்த்த பிறகு, இப்போது தட்டு ஃபீடர்களை மட்டுமே வைத்திருக்கிறேன். இந்த முடிவில் விலைக்கும் தோற்றத்துக்கும் பெரிய பங்கில்லை; கழுவுகிற வேலைதான் இதைத் தீர்மானித்தது. பறவை நாள்தோறும் நம்பி வரும் இடத்தில்தான் நல்ல படம் கிடைக்கும் என்பதால், படமெடுப்பவருக்கும் அதுவே முதல் கேள்வி என்று கருதுகிறேன்.

இரண்டுக்கும் பொதுவானவற்றை முதலில் சொல்லிவிடலாம். கரைசலுக்கு ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நான்கு பங்கு தண்ணீர், வேறெதுவும் வேண்டாம். ஃபீடரின் சிவப்பு நிறமே பறவையை அழைத்துவிடுவதால் கரைசலில் சாயம் கலக்கத் தேவையில்லை. நம் வீடுகளில் வெள்ளைச் சர்க்கரையைவிட நாட்டுச் சர்க்கரையும் தேனும் உடலுக்கு நல்லவை என்ற எண்ணம் வேரூன்றியிருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: நாட்டுச் சர்க்கரையிலும் வெல்லத்திலும் உள்ள இரும்புச்சத்து இப்பறவைகளுக்கு ஆகாது, தண்ணீரில் கலந்த தேன் விரைவில் புளித்துப் பூஞ்சை பிடித்துவிடும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சர்க்கரைக் கரைசல் கெடும் வேகம் வெயிலைப் பொறுத்தது. குளிர்ந்த வாரங்களில் ஐந்தாறு நாள் தாங்குவது, 38 டிகிரியைத் தாண்டும் டெக்சாஸ் கோடையில் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. கலங்கல் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். மாற்றுவது என்றால் மிச்சத்தின் மேல் புதியதை ஊற்றுவதன்று. எல்லாவற்றையும் கொட்டி, வெந்நீரில் தேய்த்துக் கழுவி, புதிதாக நிரப்புவது. மார்ச் முதல் அக்டோபர் வரை இந்த வேலை ஓயாது. பாட்டில் ஃபீடரில் இதற்கு நீளமான பிரஷ் ஒன்று வேண்டும். கழுத்துக் குறுகிய பாட்டிலின் தோள்பகுதியில் அது சரியாகப் படியாது. அதைவிடத் தொல்லை தருவது அடிப்பகுதி. பூக்களின் உட்புறத்திலும் மூட்டுகளிலும் கருப்புப் பூஞ்சை ஒளிந்துகொள்கிறது. சில மாடல்களில் அந்தப் பூக்களைக் கழற்றவே முடியாது. தட்டு ஃபீடரோ மூடி, தட்டு என்று இரண்டாகப் பிரிந்துவிடும். விரல் போகாத மூலை அதில் அநேகமாக இல்லை. துளைகளை மட்டும் சிறிய பிரஷ்ஷால் துடைத்தால் போதும். சாப்பாட்டுத் தட்டைக் கழுவுகிற நேரத்தில் முடிந்துவிடும் வேலையை யாரும் நாளைக்கு என்று தள்ளிப்போடுவதில்லை. வேலை தள்ளிப்போகும் வீட்டில் பறவை பூஞ்சை கலந்த கரைசலைத்தான் குடிக்க நேர்கிறது.

பாட்டிலில் அதிகம் பிடிக்கும், அடிக்கடி நிரப்ப வேண்டாம் என்று சொல்லப்படும் வாதத்தையும் இங்கே எடைபோட வேண்டும். ஒரு ஹம்மிங் பறவையின் எடை ஏறத்தாழ 3 கிராம். ஒரு நாளில் அது தன் எடையைப் போல ஓரிரு மடங்கு கரைசலைக் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஐந்து பறவைகள் வரும் வீட்டில் இரண்டு நாளைக்கு 60 மில்லி போதும். 900 மில்லி பாட்டிலை நிரம்ப ஊற்றினால் பெரும்பகுதி சாக்கடைக்குத்தான் போகும். அப்படியானால் பாதி நிரப்பலாமே என்று தோன்றும். ஆனால் பாட்டில் ஃபீடர் ஒழுகாமல் நிற்பதற்குக் காரணம், உள்ளே சிக்கிய காற்றின் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதுதான். வெயில் ஏறும்போது அந்தக் காற்று விரிந்து கரைசலை வெளியே தள்ளுகிறது. காலை 20 டிகிரியில் தொங்கவிட்ட பாட்டிலுக்குள் 450 மில்லி காற்று இருந்தால், 40 டிகிரியில் அது ஏறத்தாழ 30 மில்லி கூடுதல் இடம் கேட்கும். அடிப்பகுதி தாங்காத மிச்சம் சொட்டத் தொடங்கும். ஆக, பாட்டிலை நிரப்பினால் வீண், குறைத்து ஊற்றினால் ஒழுகல். தட்டில் காற்று சிக்குவதே இல்லை என்பதால் அதில் தேவைக்கு வேண்டிய அளவு மட்டும் ஊற்றலாம். மட்டம் தாழ்ந்திருந்தாலும் பறவையின் நீண்ட நாக்கு அதை எட்டிவிடுகிறது.

ஒழுகலோடு எறும்பும் தேனீயும் குளவியும் வந்து சேரும். தட்டு ஃபீடரில் கரைசல் துளைக்குக் கீழே தாழ்ந்திருப்பதால் தேனீயால் அதை எட்ட முடிவதில்லை. பெரும்பாலான தட்டுகளின் நடுவில் தண்ணீர் ஊற்றும் சிறு குழி ஒன்றும் இருக்கிறது. தொங்கும் கம்பி வழியாக இறங்கும் எறும்பு அதைக் கடக்க முடியாது. பாட்டிலுக்கு இதைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும்.

படமெடுக்கும் கண்ணோட்டத்தில் ஒரு விஷயத்தில் பாட்டில் மேலானது என்பதை மறைக்க விரும்பவில்லை. அதன் பூக்கள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பதால், பறவை அலகைக் கிடைமட்டமாக நீட்டி, உண்மையான பூவின் முன் நிற்பதைப் போன்ற தோரணையில் குடிக்கிறது. உட்காரும் கம்பி இல்லாத மாடலானால் சிறகடித்தபடியே நிற்கும். தட்டில் துளைகள் மேல்நோக்கி இருப்பதால் அது தலையைக் குனிந்து குடிக்கிறது. சுற்றுக்கம்பியில் அமர்ந்துவிட்டால் பறக்கும் படத்துக்கு வாய்ப்பில்லை. எனினும் ஃபீடரும் சேர்ந்து பதிவாகும் படத்தை யாரும் பெரிதாக விரும்புவதில்லை. குடிக்கும் பறவை இடையிடையே ஒரு சாண் தூரம் பின்வாங்கி, காற்றில் நின்று சுற்றும் பார்த்துவிட்டு மறுபடி குனிகிறது. எடுக்க வேண்டிய படம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. தட்டின் துளைகளில் ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை டேப்பால் மூடிவிட்டால், அது எந்தப் பக்கம் பின்வாங்கும் என்பதும் முன்கூட்டியே தெரிந்துவிடும். தட்டைக் கம்பத்தின் மேல் இறுக்கிப் பொருத்தலாம் என்பது இன்னொரு வசதி. தொங்கும் பாட்டில் காற்றில் ஆடும்போது குவியம் ஒவ்வொரு முறையும் தவறுகிறது, கம்பத்தில் நிற்கும் தட்டுக்கு ஒருமுறை குவியம் வைத்துவிட்டுக் காத்திருக்கலாம்.

வெளிச்சம் இரண்டுக்கும் ஒன்றே என்றாலும், எந்த ஃபீடரை எங்கே வைப்பது என்பதை அதுவே முடிவு செய்கிறது. ஆண் பறவையின் தொண்டையில் தெரியும் ஒளிரும் நிறம் சாயத்தால் வருவதன்று. இறகின் நுண்ணிய அடுக்குகள் ஒளியைத் திருப்பி அனுப்பும் விதத்தால் வருவது. கோணம் மாறினால் ரூபி-த்ரோட்டட் வகையின் செந்தொண்டை கறுத்துவிடும். எங்கள் பகுதியில் கூடு கட்டும் பிளாக்-சின்ட் வகையின் கருந்தொண்டைக்குக் கீழே உள்ள ஊதாப் பட்டை கண்ணில் படாமலே போய்விடும். ஆகவே காலை வெயில் நமக்குப் பின்னாலிருந்து பறவையின் மேல் விழும்படி ஃபீடரை வைக்க வேண்டும். அந்த இடத்தில் வெயில் நேரடியாக விழும் என்பதால் பாட்டில் அங்கே ஒழுகும். தட்டுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கோடை நண்பகலில் மட்டும் அதை நிழலுக்கு மாற்றிக்கொள்கிறேன்.

ஹம்மிங் பறவையின் சிறகுகள் நொடிக்கு ஐம்பது முறை அளவில் அடிப்பதால், அவற்றைப் படத்தில் அசையாமல் நிறுத்த ஷட்டர் வேகம் (கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/3200 நொடியாவது வேண்டும். சிறகு சற்று மங்கலாக இருப்பதே உயிரோட்டம் தரும் என்று நினைப்பவருக்கு 1/1000 போதும். ஃபிளாஷ் வெளிச்சத்தின் ஆற்றலைக் குறைத்து வைத்தால் அது ஒளிரும் நேரம் மிகவும் சுருங்கி, சிறகை ஷட்டரைவிடக் கூர்மையாக நிறுத்தும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் (எம்.ஐ.டி.) பேராசிரியர் ஹெரால்ட் எட்ஜர்டன் தம் மின்னொளிக் கருவியால் ஹம்மிங் பறவைகளைப் படம்பிடித்தது இந்த முறையில்தான். என் அனுபவம் பெரும்பாலும் இயற்கை வெளிச்சத்தோடு நின்றுவிடுவதால், பல ஃபிளாஷ்களை அமைக்கும் முறைக்கு எந்த ஃபீடர் பொருத்தம் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

ஒரு பெரிய பாட்டிலுக்குப் பதில் இரண்டு சிறிய தட்டுகளை வாங்குவது நல்லது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓர் ஆண் பறவை ஃபீடரைத் தனதாக்கிக்கொண்டு, அருகே வரும் எல்லாவற்றையும் விரட்டிவிடும். ஒன்றிலிருந்து மற்றொன்று கண்ணுக்குத் தெரியாதபடி வீட்டின் இரு பக்கங்களில் தட்டுகளை வைத்தால், அந்த ஆண் பறவையால் இரண்டையும் காவல் காக்க முடியாது. பெண் பறவைகளும் இளம் பறவைகளும் நிம்மதியாகக் குடிக்கும், நமக்கும் வெவ்வேறு பறவைகள் கிடைக்கும். ஜன்னல் அருகே வைப்பதாக இருந்தால் கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டருக்குள் வைப்பது பாதுகாப்பானது. அவ்வளவு நெருக்கத்தில் புறப்படும் பறவை, மோதினாலும் அடிபடும் வேகத்தை எட்டியிருக்காது.

பாட்டில் ஃபீடரே சரி என்று நான் சொல்லும் இடமும் ஒன்றுண்டு. செப்டம்பரில் டெக்சாஸ் கடற்கரையில், குறிப்பாக ஹம்மிங் பறவைகளுக்கென்றே ஆண்டுதோறும் விழா நடக்கும் ராக்போர்ட் ஊரில், தெற்கு நோக்கிச் செல்லும் ரூபி-த்ரோட்டட் பறவைகள் பெருங்கூட்டமாக வந்து இறங்கி, அடுத்த நெடும்பயணத்துக்குக் கொழுப்புச் சேர்த்துக்கொள்கின்றன. அங்கே பெரிய பாட்டிலும் கெடுவதற்கு முன்பே காலியாகிவிடும் என்பதால் மேலே சொன்ன கணக்கு தலைகீழாகிறது. கரைசலே உறைந்துபோகும் வடக்கத்திய குளிரில், அன்னாஸ் வகைப் பறவைகளுக்காகக் குளிர்காலம் முழுவதும் ஃபீடர் வைப்பவர்களின் தேவையும் வேறு. ஆழமில்லாத தட்டு விரைவில் உறையும் என்பதால் அவர்கள் இந்த ஒப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அங்கே நெடுநாள் வைத்துப் பார்த்தவர்களைக் கேட்டு முடிவு செய்வது நல்லது.