ஃபோராகார்ட்டா, செரோஃப்ளோவா? வீசிங்குக்கு எதைக் கேட்பது

இரண்டுமே கூட்டு இன்ஹேலர்கள்தான். வீக்கத்தைக் குறைக்க ஒரு ஸ்டீராய்டு, மூச்சுக்குழாயை விரிக்க ஒரு மருந்து. ஃபோராகார்ட்டில் பூடசொனைடும் ஃபார்மோடெராலும்; செரோஃப்ளோவில் ஃப்ளூடிகசோனும் சால்மெடெராலும். வழக்கமாகக் காலையும் இரவும் எடுப்பார்கள்.

முக்கிய வித்தியாசம் வேகம். ஃபார்மோடெரால் சில நிமிடங்களிலேயே மூச்சை லேசாக்கிவிடும்; சால்மெடெரால் அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது. போகி விடியலில் டயர் புகை ஜன்னல் வழியே வந்து நெஞ்சை அடைக்கிறது என்றால் செரோஃப்ளோக்காரர் தனியாக இன்னொரு இன்ஹேலரைத் தேட வேண்டும். கையில் கிடைப்பது பெரும்பாலும் அஸ்தாலின். அது குழாயை விரிக்கும், உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. ஃபோராகார்ட் என்றால், டாக்டர் அப்படி எழுதித் தந்திருக்கும் பட்சத்தில், அதையே அவசரத்துக்கும் இழுக்கலாம். கூடவே ஸ்டீராய்டும் போய்ச் சேரும். 2019-இல் ஜினா என்கிற உலக ஆஸ்துமா வழிகாட்டி பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் இந்த வழிக்கு மாறியது. ஆஸ்துமாவுக்கு என் ஓட்டும் இதற்கே. செரோஃப்ளோவிலேயே நிம்மதியாக இருப்பவர் மாற்றிக்கொள்ள அவசியமில்லை. ஆனால் அவசர பஃப் நாளுக்கு நாள் கூடினால் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வேறு கதை. பல வருடம் பீடி சிகரெட் பிடித்தவர்கள், விறகடுப்புப் புகையில் சமைத்தவர்களுக்கு வரும் நோய் இது. ஸ்டீராய்டு, அதிலும் ஃப்ளூடிகசோன், இவர்களுக்கு நிமோனியா ஆபத்தைக் கூட்டுகிறது. அதனால் ஃபார்மோடெரால், கிளைகோபைரோனியம் போல இரண்டு விரிப்பான்கள் சேர்ந்த இன்ஹேலரையே முதலில் யோசிப்பார்கள். நோய் அடிக்கடி முற்றி, ரத்தத்தில் ஈசினோஃபில் என்கிற வெள்ளையணு மைக்ரோலிட்டருக்கு 300-க்கு மேல் இருந்தால் ஸ்டீராய்டும் சேரும். ஆஸ்துமாவில் இது அப்படியே தலைகீழ்: ஸ்டீராய்டு இல்லாமல் விரிப்பானை மட்டும் நம்பவே கூடாது.

அப்புறம் கருவி. எந்த மருந்து என்பதைவிட இதில்தான் அதிகம் வீணாகிறது. ரோட்டாகேப் என்கிற கேப்ஸ்யூலில் வரும் பொடியை வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். பஃப் இன்ஹேலரை மெதுவாக, ஆழமாக. இரண்டிலும் பத்து நொடி மூச்சை அடக்க வேண்டும். பஃப்பில் அழுத்துவதும் இழுப்பதும் சேராவிட்டால் மருந்து வாயோரம் வெள்ளையாக வெளியே வந்துவிடும், மீதி தொண்டையில் படியும். வயதானவர்களுக்கு, பஃப் இன்ஹேலரில் பொருத்தும் ஸ்பேசர் குழல் வாங்கிக் கொடுங்கள். சென்னையின் ஈரக்காற்றில் கேப்ஸ்யூல் நமத்துப் பொடி கட்டியாகிவிடும். ஈரக்கையால் தொடாதீர்கள், எடுத்தவுடன் மூடியை இறுக்குங்கள். ஸ்டீராய்டு உள்ளதை எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படரும், குரல் கம்மும்.

கடையில் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஃபோராகார்ட்டில் 100, 200, 400 என்று பல அளவு உண்டு. ரோட்டாகேப்பும் பஃப்பும் தனித்தனி. சீட்டைக் காட்டியே கேளுங்கள்.