ரொறன்ரோத் தமிழ்த் தம்பதியருக்கு எந்த உளவளத்துணை பொருந்தும்? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

ஒன்ராறியோவில் வாழும் தமிழ்த் தம்பதியர் தமக்கிடையிலான பிணக்கைத் தீர்க்க வெளியார் உதவியை நாடினால், நடைமுறையில் அவர்களுக்கு நான்கு வழிகள் உள்ளன: இங்கே பதிவுபெற்ற தமிழ் பேசும் உளவியல் சிகிச்சையாளர், தம்பதியர் சிகிச்சையில் தனிப்பயிற்சி பெற்ற வேற்றினத்தவர், இணையவழியே சென்னையிலிருந்து பேசும் ஆலோசகர், ஊர்ப் பெரியவர் அல்லது மதகுரு. "எங்கட ஆள் எண்டால் விளங்கும்" என்ற ஒரே காரணத்துக்காக முதலாமவரைத் தேடுவோரே அதிகம். என் பார்வையில் அக்காரணம் பாதிதான் சரி. இருவரில் ஆங்கிலம் குறைவாகப் பேசுபவர் யார், அவர் எந்த மொழியில் கோபப்படுவார் என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

கணவர் சிறுவயதிலேயே கனடா வந்தவர், மனைவி திருமணத்தின்பின் அண்மையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் நடக்கும் அமர்வில் கணவர் தன் தரப்பை நுணுக்கமாக விரித்துரைப்பார். மனைவியோ "ஓகே", "பரவாயில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வார். சிகிச்சையாளர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், ஒருவர் ஒத்துழைக்கிறார், மற்றவர் ஒதுங்கி நிற்கிறார் என்ற படமே அவர் மனத்தில் பதியும். தொழில்முறை மொழிபெயர்ப்பாளரை அமர்த்தலாம், ஆனால் சொல்லுக்குச் சொல் காத்திருக்கும்போது உணர்ச்சி ஆறிவிடும். பன்னிரண்டு வயது மகனை மொழிபெயர்க்க உட்காரவைப்பதை எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது. இத்தகைய தம்பதியருக்கு, அனுபவம் சற்றுக் குறைந்தவராக இருந்தாலும் தமிழ் பேசும் சிகிச்சையாளரே மேல்.

இருவருமே ஆங்கிலத்தில் சரளமானவர்கள் என்றால் கணக்கு மாறுகிறது. தமிழ்ச் சிகிச்சையாளர்களின் எண்ணிக்கை குறைவு என்பதால் காத்திருப்பு நீளலாம். ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ அடுத்த கல்யாண வீட்டில் அவரையே சந்திக்கவும் நேரலாம். ஒன்ராறியோவின் 2004ஆம் ஆண்டு உடல்நலத் தகவல் பாதுகாப்புச் சட்டம் அவர் வாயைக் கட்டுகிறது என்பது உண்மைதான். ஆயினும் அவர் உங்கள் உறவினரின் நண்பராக இருந்தால் மனம் திறந்து பேசுவது கடினம் என்பதால், அறிமுகத் தொடர்பு ஏதும் உண்டா என்பதை முதல் தொலைபேசி உரையாடலிலேயே கேட்டுத் தெளிவது நல்லது. இன்னொன்றும் உண்டு: பண்பாட்டை அறிந்தவர் அதன் சாய்வுகளையும் சேர்த்தே கொண்டுவரக்கூடும். "பிரிவது பற்றி ஒருவர் யோசித்தால் நீங்கள் எப்படி அணுகுவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளுக்காகப் பெண்தான் பொறுத்துப்போக வேண்டும் என்ற தொனி பதிலில் தெரிந்தால், மொழி ஒன்றானது பயன் தராது.

வேற்றினத்தவரின் பலம் அவரது பயிற்சி. கணவன் மனைவி இடையே ஒருவர் துரத்த மற்றவர் விலகும் சுழற்சியை முதன்மையாகக் கொண்டு பணியாற்றும் உணர்ச்சி மையச் சிகிச்சையை 1980களில் லெஸ்லி கிறீன்பேர்க்குடன் இணைந்து உருவாக்கிய சூ ஜோன்சன், ஒட்டாவாவில் பணியாற்றியவர். ஆகவே அம்முறையில் தேர்ந்தவர்களை இங்கே தேடுவது கடினமன்று. அந்தச் சுழற்சியைக் காண்பதற்குத் தமிழ் தேவையில்லை. அவர்கள் சறுக்கக்கூடிய இடம் வேறு: பெற்றோர், தம்பி தங்கையர் தொடர்பான கடமைகள். மேற்கத்தியக் குடும்பச் சிகிச்சையில் சல்வடோர் மினூச்சின் முதலானோர் வழியாக வந்த "எல்லைகள்" என்ற கருத்தை (குடும்பத்தில் யார் யாருடைய விடயத்தில் எவ்வளவு தலையிடலாம் என்பதை) இயந்திரத்தனமாகப் பயன்படுத்துபவர், மாதந்தோறும் ஊருக்குப் பணம் அனுப்புவதையும், மாமி பக்கத்து அறையில் வாழ்வதையும் குறைபாடாகவே எடுத்துக்கொள்வார். தேர்ந்தவரோ, எவ்வளவு அனுப்பப்பட்டது, மனைவிக்கு அது தெரியுமா என்று கேட்பார். பெரும்பாலும் சண்டை பணம் அனுப்பியதைப் பற்றியதன்று, அனுப்பிய தொகையை மறைத்ததைப் பற்றியது.

சென்னையிலிருந்து இணையவழி கிடைக்கும் ஆலோசனை மலிவானது, தமிழிலும் நடக்கும். கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வேறுபாட்டைச் சமாளித்துக்கொள்ளலாம். ஆனால் தமிழர் என்பதாலேயே ஒருவரது பின்னணி மற்றவருக்குத் தெரிந்துவிடாது. சீதனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1961ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருப்பதால், சென்னை ஆலோசகர் அச்சொல்லைக் கேட்டதும் குற்றமாகவே எண்ணக்கூடும். ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் தொகுக்கப்பட்ட, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையிலோ சீதனம் மனைவிக்குரிய சொத்து. யாழ்ப்பாணத்தில் தாய் தந்த வீட்டை விற்று மார்க்கத்தில் வீடு வாங்கிய மனைவியின் மனக்குறை எதைப் பற்றியது என்பது இது தெரியாதவருக்குப் பிடிபடாது. 2009 வரையிலான போர் நினைவுகளுக்கும் இது பொருந்தும். தவிர, கனடாக் காப்புறுதி நிறுவனங்கள் பொதுவாக இங்கே பதிவில்லாதவரின் பற்றுச்சீட்டை ஏற்பதில்லை. குழந்தைப் பாதுகாப்பு, குடும்பச் சட்டம் போன்ற இவ்விடத்து விதிகளையும் அவரிடம் எதிர்பார்க்க முடியாது.

பெரியவர்களும் மதகுருமாரும் இரு குடும்பங்களின் வருத்தத்தை ஆற்றுவதற்கு உதவுவர். இரகசியம் காக்கும் சட்டக் கடமை அவர்களுக்கு இல்லை என்பதால் படுக்கையறைச் சிக்கல்களையும் கடன்களையும் அங்கே கொண்டுசெல்லாதிருப்பது நலம். வீட்டில் அடியோ மிரட்டலோ இருக்குமானால், நால்வரில் எவரிடமும் இருவரும் சேர்ந்து போவது பாதுகாப்பன்று. பாதிக்கப்பட்டவர் தனியாக உதவி பெற வேண்டும். 211 என்ற எண்ணை அழைத்தால் தமிழ் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் மொழிபெயர்ப்புடன் உள்ளூர்ச் சேவைகளைக் கேட்டறியலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, பதிவுபெற்ற உளவியல் சிகிச்சையாளரின் கட்டணம் அமர்வுக்கு ஏறத்தாழ 130 முதல் 180 டாலர் வரை இருக்கும். உளவியலாளரிடம் இதைவிடக் கூடும். மேற்பார்வையின்கீழ்ப் பணியாற்றும் தகுதிகாண் நிலையினர் குறைவாகவே வாங்குவர், பலருக்கு அதுவே போதுமானது. வேலையிடக் காப்புறுதி எந்தப் பதிவை ஏற்கிறது என்பதை முன்பதிவுக்கு முன்னரே பாருங்கள்: சில திட்டங்கள் சமூகப் பணியாளரை ஏற்று, உளவியல் சிகிச்சையாளரை ஏற்பதில்லை. 2017 டிசம்பர் 30இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஒன்ராறியோவில் உளவியல் சிகிச்சை என்ற, சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்ட செயலை உரிய கல்லூரிகளின் (அதாவது தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்புகளின்) உறுப்பினர்கள் மட்டுமே செய்யலாம். "ஆலோசகர்" என்ற பட்டத்துக்கு அத்தகைய காவல் இல்லாததால், கல்லூரியின் பொதுப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்ப்பது அவசியம். முதல் அமர்வில் இரகசியத்தின் வரம்புகளை, குறிப்பாகப் பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளை துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகித்தால் அறிவித்தாக வேண்டிய கடமையை, சிகிச்சையாளர் தாமாகவே விளக்காவிட்டால் நீங்களே கேளுங்கள். மூன்று நான்கு அமர்வுகளுக்குப் பிறகும் இருவரில் ஒருவர் தன் பேச்சு கேட்கப்படவில்லை என்று உணர்ந்தால், அதைச் சிகிச்சையாளரிடமே நேராகச் சொல்லி வேறொருவரைப் பரிந்துரைக்கக் கேட்கலாம்.