வியூஃபைண்டரில் ஒரு சின்னச் சக்கரம்: எட்டு வருட அனுபவம்

2018 தை மாதம். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி போகும் சாலையில், கோதண்டராமர் கோவில் பக்கம் தேங்கி நிற்கும் தண்ணீரில் பூநாரைகள் இறங்கியிருந்தன. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கேமராவில் கண் வைக்கும் துவாரமான வியூஃபைண்டர் வழியாகப் பார்த்தால் எல்லாமே லேசாகப் புகை படிந்த மாதிரி இருந்தது. ஆட்டோஃபோகஸ் பீப் அடிக்கிறது, உள்ளே பச்சைப் புள்ளி எரிகிறது, என் கண்ணுக்கு மட்டும் பறவையின் அலகு தெளியவில்லை. லென்ஸில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். மேனுவலுக்கு மாற்றி, கண்ணுக்குத் தெளிவாகப் படும்வரை கையால் திருகித் திருகி எடுத்தேன்.

மண்டபத்தில் வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால் நேர்மாறாக இருந்தது. ஆட்டோஃபோகஸில் எடுத்த பத்துப் பன்னிரண்டு படங்களில் இறகு இறகாக எண்ணலாம். நான் கையால் திருகி எடுத்த நூற்றுச் சொச்சம் படமும் வீண். அப்போதும் எனக்குப் புரியவில்லை. லென்ஸைச் சர்வீசுக்கு அனுப்பினேன். குறை எதுவும் இல்லை என்று திரும்பி வந்தது.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் கீழக்கரையில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு பெரியவர். ஊரே அவரைக் காக்கா (எங்கள் பக்கம் அண்ணன் என்று அர்த்தம்) என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். கேமராவை வாங்கிக் கண்ணில் வைத்தவர் உடனே இறக்கிவிட்டார். “தம்பி, இதுல உள்ள எழுத்தே எனக்குத் தெரியலையே. உனக்குத் தெரியுதா?” என்றார். சுமாராகத் தெரியும் என்றேன். “படம் மங்கலா இருந்தா லென்ஸைச் சொல்லலாம். உள்ள இருக்கிற எழுத்தும் கட்டமும் லென்ஸ் வழியா வர்றது இல்லையே. அதுவும் மங்கல்னா இந்தச் சக்கரம்தான்” என்று வியூஃபைண்டர் ஓரத்தில் இருந்த, பார்ப்பவரின் கண் பவருக்கு ஏற்பத் திருப்பும் டயாப்டர் சக்கரத்தைக் காட்டினார். கேமரா வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. அதை நான் ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

அவர் காலத்து நிக்கான் எஃப்எம்2 ஃபிலிம் கேமராவில் இந்தச் சக்கரமே கிடையாது. கண்ணின் பவருக்கு ஏற்ற சின்ன லென்ஸ் வாங்கி வியூஃபைண்டர் வாயில் திருகிக்கொள்ள வேண்டும். இப்போது உள்ளே இருக்கும் லென்ஸையே சக்கரம் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்துகிறது, அவ்வளவுதான். டிஎஸ்எல்ஆரில், அதாவது லென்ஸ் காட்சியை உள்ளே ஒரு கண்ணாடி வைத்துக் கண்ணுக்குத் திருப்பும் கேமராவில், நாம் பார்ப்பது கண்ணுக்குச் சில சென்டிமீட்டரில் இருக்கும் ஃபோகஸ் திரையை. அது ஏறக்குறைய 1 மீட்டர் தூரத்தில் இருப்பதுபோல் தெரியும்படி அமைப்பது வழக்கம். அந்த 1 மீட்டர் தூரம் உங்கள் கண்ணுக்குத் தெளியவில்லை என்றால் திரை மங்கும். எடுக்கும் படம் மங்காது, ஆட்டோஃபோகஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கையால் ஃபோகஸ் செய்தால்தான் ஆபத்து. திரை மங்கலாக இருக்கும்போது கண் திரையை விட்டுவிட்டு, அதற்கு முன்போ பின்போ விழும் பிம்பத்தைத் தெளிவு என்று நம்பிவிடும். என் பூநாரைகள் போனது அப்படித்தான்.

சரிசெய்யும் முறையைச் சொல்கிறேன். முதலில் வியூஃபைண்டர் கண்ணாடியைத் துடையுங்கள். நம் கரையில் இது சின்ன விஷயம் இல்லை. தனுஷ்கோடி நிலம் முடியும் அரிச்சல்முனையில் அரை மணி நேரம் நின்றாலே உப்பு படிந்துவிடும், அதைக் கண் கோளாறு என்று நினைத்து நான் பலமுறை சக்கரத்தைத் திருப்பியிருக்கிறேன். காய்ந்த துணியால் தேய்த்தால் உப்பும் மணலும் கீறல் போடும். ஊதித் தட்டிவிட்டு, லேசாக ஈரமான மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அப்புறம் கேமராவை வெறும் வானத்துக்கு நேரே பிடியுங்கள், சூரியன் இருக்கும் பக்கம் வேண்டாம். லென்ஸை மேனுவலுக்கு மாற்றி, வேண்டுமென்றே ஃபோகஸைக் கலைத்துவிடுங்கள். கண் காட்சிக்குப் போகாமல் உள்ளே இருக்கும் ஃபோகஸ் கட்டங்களிலும் எண்களிலும் நிற்க வேண்டும்.

சக்கரத்தை முதலில் பிளஸ் கோடிவரை கொண்டு போய்விட்டு, அங்கிருந்து மைனஸ் பக்கம் மெல்ல வாருங்கள். எழுத்து முதன்முதலாகக் கூர்மையாகும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். மைனஸில் ஆரம்பித்தால் கண் தானே முயன்று இழுத்துப் பிடித்துத் தெளிவாக்கிக்கொள்ளும், நமக்கும் சரியாக இருப்பதுபோல் தெரியும். ஒரு மணி நேரம் கழித்து நெற்றிப்பொட்டு வலிக்கும். நான் ஒரு கல்யாண சீசன் முழுக்க அந்த வலியோடு வேலை பார்த்தேன், முகூர்த்த நேரத்துப் புகை என்று நினைத்துக்கொண்டு. நிறுத்திய பிறகு கண்ணை எடுத்துக் கடலின் விளிம்பைக் கொஞ்ச நேரம் பாருங்கள். திரும்ப வியூஃபைண்டரில் வைத்த உடனே எழுத்து தெளிவாக இருந்தால் சரி.

இதை உச்சி வெயிலில் செய்ய வேண்டாம். வெள்ளை மணலில் கண்மணி சுருங்கிப் போகும். சின்னத் துவாரம் வழியாகப் பார்த்தால் சக்கரம் கொஞ்சம் தப்பாக இருந்தாலும் தெளிவாகவே தெரியும். மறுநாள் விடியலில் கண்மணி விரியும்போது தப்பு வெளிவரும். இது எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது. இப்போது விடியலிலோ வீட்டுக்குள் மங்கிய வெளிச்சத்திலோதான் சரிபார்க்கிறேன்.

மூக்குக் கண்ணாடியோடு பார்ப்பதா, கழற்றிவிட்டுப் பார்ப்பதா? என் வலது கண்ணுக்கு மைனஸ் 2.5, கூடவே சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாததற்கான பவர்) 1.25. கழற்றினால் கண்ணை வியூஃபைண்டரோடு ஒட்டி வைக்கலாம், நான்கு மூலையும் தெரியும். ஆசையாகத்தான் இருந்தது. ஒருநாள் பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரயில் பாலத்தைப் பார்த்துச் சக்கரத்தைத் திருப்பினேன். ஓர் இடத்தில் பாலத்தின் கிடைக்கோடு கத்தி மாதிரி தெளிந்தது, தூண்கள் இழுவிக்கொண்டன. இன்னும் இரண்டு படி திருப்பினால் தூண்கள் தெளிந்தன, கிடைக்கோடு இழுவியது. இரண்டும் சேர்ந்து தெளியும் இடம் வரவே இல்லை. ஃபோகஸ் கட்டத்தின் நான்கு பக்கங்களிலும் அதே கதை. சிலிண்டர் பவரை எந்தச் சக்கரத்தாலும் சரிசெய்ய முடியாது. அன்றோடு கண்ணாடி போட்டுக்கொண்டே எடுப்பது என்று தீர்மானித்தேன். கண்ணாடியோடு என்றால் சக்கரத்தையும் கண்ணாடியோடுதான் வைக்க வேண்டும். சிலிண்டர் இல்லாதவர்கள் தாராளமாகக் கழற்றிவிட்டு முயலலாம். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தால் பறக்கிற பறவையை முதலில் கண்ணால் தேடவே முடியாது.

கண்ணாடி போடுபவர்கள் கேமரா வாங்கும்போது இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று டயாப்டர் எல்லை, அதாவது சக்கரம் எந்தப் பவர் முதல் எந்தப் பவர் வரை திரும்பும் என்பது. நிக்கான் டி7200-இல் −2 முதல் +1 வரை, கேனன் 80டி-யில் −3 முதல் +1 வரை. உள்ளே அந்தக் கண்ணாடி இல்லாத, மின்திரை வழியாகப் பார்க்கும் மிரர்லெஸ் கேமராக்களில் எல்லை அகலம்: நிக்கான் இசட்6, கேனன் ஆர்6 இரண்டிலும் −4 முதல் +2, சோனி ஏ6400-இல் −4 முதல் +3. இன்னொன்று ஐபாயின்ட், அதாவது கண் எவ்வளவு தள்ளி இருந்தாலும் முழுச் சட்டமும் தெரியும் என்ற அளவு. டி7200-இல் 19.5 மி.மீ., இசட்6-இல் 21, ஏ6400-இல் 23. கண்ணாடி போட்ட கண்ணுக்கு இந்த இரண்டு மூன்று மில்லிமீட்டர்கூடப் பெரிய விஷயம்தான்.

45 வயதுக்கு மேல் வெள்ளெழுத்து வந்தது. தூரத்துப் பூநாரை தெரிகிறது, கையில் இருக்கும் கேமராவின் பின்திரை தெரியவில்லை. வெயிலில் அது இன்னும் மோசம். எடுத்த படம் சரியா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் படிக்கிற கண்ணாடியைத் தேட வேண்டியிருந்தது. அதற்காகத்தான் 2022-இல் மின்திரை வியூஃபைண்டர் உள்ள கேமராவுக்கு மாறினேன். எடுத்த படமும் மெனுவும் வியூஃபைண்டருக்குள்ளேயே தெரிகின்றன, சக்கரத்தை ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் படிக்கிற கண்ணாடி பைக்குள்ளேயே கிடக்கலாம். கண்ணை எடுக்காமலே பூநாரையின் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்த முதல் நாள் எனக்கு மறக்காது. வெள்ளெழுத்து வந்து படம் எடுப்பதையே விட்டுவிடலாமா என்று இருப்பவர்களுக்கு இதை மனதாரச் சொல்வேன். ஒரே எச்சரிக்கை: சூரிய வெளிச்சம் வியூஃபைண்டர் கண்ணாடி வழியாக நேராக உள்ளே விழுந்தால் அந்த லென்ஸே பூதக்கண்ணாடி மாதிரி குவித்து மின்திரையைப் பொசுக்கிவிடும். தனுஷ்கோடியில் நிழல் என்பதே கிடையாது, அதனால் தோளில் தொங்கும்போது ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்கிறேன்.

சக்கரம் பைக்குள் உரசித் தானாகத் திரும்பிவிடுவது எனக்கு ஓயாத தொல்லை. வெளியே இழுத்தால்தான் திரும்பும் வகை சில கேமராக்களில் உண்டு, அது நல்ல ஏற்பாடு. என்னுடையதில் இல்லாததால் சரியான இடத்தில் வெள்ளைக் கோடு போட்டு, மேலே காகித டேப் ஒட்டினேன். மணலும் இடுக்கில் போகாது. டேப்பை மாதம் ஒருமுறை மாற்றினால் போதும்.

கண் மாறினால் கோடும் மாறும். புதுக் கண்ணாடி வாங்கிய அன்றே நான் டேப்பைப் பிரித்துவிடுவேன்.

காக்காவுக்குப் போன வருடம் கண்புரை ஆபரேஷன் ஆனது. உள்ளே வைத்த லென்ஸ் தூரத்துக்கு ஏற்றது, பக்கத்தில் இருப்பதற்கு அது தானாக வளைந்து கொடுக்காது. 2025 ஜூனில் அரசு தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்ததிலிருந்து, ஒருமுறையாவது அங்கே கூட்டிப் போகச் சொல்லிக்கொண்டே இருந்தார். இந்த மாசியில் போனோம். என் கேமராவை வாங்கிக் கண்ணில் வைத்ததும், “தம்பி, எழுத்து தெரியலை” என்றார், எட்டு வருடத்துக்கு முன்பு சொன்ன அதே குரலில். டேப்பைப் பிரித்துக் கொடுத்தேன். பிளஸ் கோடிக்குப் போய்த் திரும்பி வந்து, என் கோட்டுக்கு ரொம்ப முன்பே நிறுத்திவிட்டார். அந்த இடத்தில் சிவப்பு மையால் இன்னொரு கோடு போட்டிருக்கிறேன். வெள்ளை எனக்கு, சிவப்பு அவருக்கு.