ஆறு எழுத்து புக்கிங் நம்பர நம்பி 23,600 வெள்ளிய விட்டுட்டோம்

கோவத்துல டைப் பண்றேன், பிழை இருந்தா கண்டுக்காதீங்க. 2025 அக்டோபர் 17 வெள்ளிக்கிழமை ராத்திரி நானு, தம்பி, அப்பா, அம்மா நாலு பேரும் பாரிஸுக்கு ஃபிளைட் ஏறியிருக்கணும். கேஎல்ஐஏ ஏர்போட் கவுண்டர் வரைக்கும் போய்ட்டு அதே வேன்ல வீட்டுக்குத் திரும்பி வந்தோம். 23,600 வெள்ளி, ரிங்கிட்டுதான். வேன் காசு தனி.

நாங்க மலேசியாவுல பேராக் மாநிலம், பாகான் செராய் பக்கத்துல ஒரு தோட்டத்து டவுன். அப்பா செம்பனையில குலை வெட்டுனவரு, அம்மா முன்னாடி பால்மரம் சீவுனவங்க. ரெண்டு பேருக்கும் இதுக்கு முன்னாடி பாஸ்போட்டே இருந்ததில்ல. பெரிய பயணம்னா வருசா வருசம் ஜூலைல புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருநாள், அவ்ளோதான். 2025 ஜூபிலி ஆண்டு, ரோம்ல புனிதக் கதவு திறந்திருக்கு, வழக்கமா 25 வருசத்துக்கு ஒருக்காதான் திறப்பாங்க, 2026 ஜனவரி 6ம் தேதி மூடிருவாங்கன்னு கோயில்ல சொன்னதுலேர்ந்து அம்மாவுக்கு வேற பேச்சே இல்ல. அப்பா அவரோட இபிஎஃப்ல மிச்சம் இருந்தத எடுக்கிறேன்னாரு, நான் சீட்டுக் காச போட்டேன், தம்பி ஓவர்டைம் காசு.

பெரிய கம்பெனிங்ககிட்ட கேட்டா ஆளுக்கு ஒன்பதாயிரம் பத்தாயிரம்னு சொன்னாங்க. அப்பதான் கோயில்ல ஒருத்தவங்க மூலமா இந்த ஆளு கிடைச்சான். கடை வரிசையில மேல்மாடி, கீழ டயர் கடை, உள்ள போனா மாதா படம், லைட்டு போட்ட உலக மேப்பு, ஒரு கம்ப்யூட்டரு. சின்ன டிராவல் ஏஜென்சி. பேரு போடல, கேஸ் போய்ட்டு இருக்கு.

நாங்க ஒண்ணும் பேராசைப்பட்டு விழல. அவன் போட்டுக் குடுத்த பிளான பாத்துதான் விழுந்தோம். இப்பகூட சொல்றேன், பிளான் அருமையான பிளான்.

அப்பாகிட்ட “அப்பா, முதல் தடவ போறவங்க ஆறு ஏழு ஊரு பாக்குறேன்னு போனா பஸ்லயே தூங்கிட்டு வருவீங்க, நாலு ஊரு போதும், ஒவ்வொரு ஊர்லயும் ரெண்டு ராத்திரியாச்சும் தங்குங்க”ன்னான். பாரிஸ்ல இறங்கி ரோம்ல ஏறுங்க, போன வழியிலயே திரும்பி வந்தா ஒரு நாளும் ரயில் காசும் வீணுன்னான். போய் இறங்குற நாள்ல ஒண்ணுமே வைக்கல, அப்பாவுக்கு முட்டி வலின்னு அவனே கேட்டு வச்சிருந்தான். லூவர் மியூசியம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும் அதனால திங்கக்கிழமை, நோத்ரு தாம் கோயில் 2019ல எரிஞ்சு 2024 டிசம்பர்லதான் திறந்தாங்க, உள்ள போக காசு கிடையாது யாராச்சும் டிக்கெட்னு கேட்டா குடுக்காதீங்க, அப்புறம் லூர்துக்கு ரயிலு, அஞ்சு மணி நேரம் கிட்ட ஆகும், ராத்திரி மெழுகுவர்த்தி பவனி அக்டோபர் கடைசி வரைக்கும்தான் தினமும் இருக்கும் அதனால தேதிய தள்ளாதீங்க, ரோம்ல புதன்கிழமை போப்பாண்டவர பாக்குற கூட்டத்துக்கு டிக்கெட் இலவசம்னு ஒண்ணு விடாம சொன்னான். நான் வீட்டுக்கு வந்து ஒவ்வொண்ணா தேடிப் பாத்தேன், எல்லாம் சரியா இருந்துச்சு. அதான் என் புத்தி கெட்டுப் போச்சு, இவ்ளோ சரியா சொல்றவன் காசுல மட்டும் பொய் சொல்லுவானான்னு நெனச்சுட்டேன்.

அம்மாகிட்ட “லூர்து மாதாவ பாத்துட்டு நேரா ரோமுக்குப் போனா பதுவை அந்தோணியாரு கோவிச்சுக்குவாரு, வெனிஸ்லேர்ந்து ரயில்ல அரை மணி நேரம்தாம்மா”ன்னு சொன்னான். அம்மாவுக்கு கண்ணுல தண்ணி. அன்னைக்கே நாலாயிரம் அட்வான்ஸ் குடுத்தாச்சு.

எனக்கு வயிறு எரியுற விசயம் என்னன்னா, அவன் எங்களுக்கு ஏமாத்துக்காரங்கள பத்தி பாடம் எடுத்தான்லா. பாரிஸ்ல சாக்ரே கேர் கோயில் படிக்கட்டுல கையில கயிறு கட்டி விட்டுட்டு காசு புடுங்குவானுங்க, கைய பாக்கெட்ல வச்சுக்கிட்டு நடங்கப்பான்னு நடந்தே காட்டுனான். அப்பா வீட்ல அதே மாதிரி நடந்து பழகுனாரு. பாரிஸ் வரைக்கும் போகவே வேணாம், டயர் கடை மாடியிலயே எங்க கையில கட்டிட்டான்.

ஜூலைல மிச்ச காசு. பேக்கேஜ் ஆளுக்கு 5,500, விசா சர்வீஸ்னு ஆளுக்கு 400. நாலு பேருக்கு 23,600. இந்த விசா ஒண்ணுலயே நான் முழிச்சிருக்கணும். மலேசியா பாஸ்போட்டுக்கு பிரான்ஸ் இத்தாலி எல்லாம் சுத்திப் பாக்கப் போனா 90 நாள் வரைக்கும் விசாவே வேணாம். கேட்டேன், கேக்காம இல்ல. அக்டோபர் 12லேர்ந்து புது ரூல் வருதுக்கா, கைரேகை, முகம் எல்லாம் பதியணும், அதுக்குத்தான் இந்த காசுன்னான். ரூல் வந்தது உண்மைதான். ஆனா அது அங்க போய் இறங்குனதும் கவுண்டர்ல இலவசமா பதியுறது. உண்மையில ஒரு கரண்டி எடுத்து பொய்ய தாளிச்சிருக்கான்.

ரசீது குடுத்தான். காச மட்டும் ஒரு ஆளு பேர்ல இருக்குற அக்கவுண்ட்டுக்கு போடச் சொன்னான், கம்பெனி அக்கவுண்ட் இன்னைக்கு லிமிட் முடிஞ்சிருச்சாம். நான் கொஞ்சம் யோசிக்கிறத பாத்துட்டு உடனே என் போன வாங்கி, ஏர்லைன் வெப்சைட்டுக்கு போயி, ஆறு எழுத்து புக்கிங் நம்பர தட்டி, அப்பா பேரு அம்மா பேரு எங்க பேரு நாலும் வரிசையா வந்தத காட்டுனான். சீட்டுகூட வந்துச்சு. அப்பா கண்ணாடிய போட்டு அவரு பேர ஒவ்வொரு எழுத்தா படிச்சாரு. அந்த நிமிசம்தான். 19,600 ஒரே அமுக்கு.

அதுக்கப்புறம் நான் ஏன் திரும்ப பாக்கலன்னு கேப்பீங்க. அடிக்கடி உள்ள போனா சீட் ரிலீஸ் ஆயிரும்க்கான்னு சொன்னான், நானும் நம்புனேன். திட்டுறவங்க திட்டிக்கோங்க.

கேஎல்ஐஏல அந்த மலாய்க்கார பொண்ணு ரொம்ப நேரம் ஸ்கிரீன பாத்துட்டு மெதுவா “புக்கிங் பெர்னா ஆடா, காக், தாப்பி திக்கெட் தாக் ஆடா”ன்னுச்சு. புக்கிங் போட்டு வச்சிருக்கான், டிக்கெட் எடுக்கவே இல்ல. காசு கட்டாத புக்கிங் கொஞ்ச நாள்ல தன்னால விழுந்துருமாம், எங்களோடது ஜூலையிலயே விழுந்துருச்சு. அப்ப அவன் குடுத்த பிடிஎஃப்? சும்மா டைப் பண்ண பேப்பரு. அம்மா பண்டல் கடையில (பழைய துணிக் கடை) வாங்குன குளிர் ஜாக்கெட்ட போட்டுக்கிட்டே நிக்கிறாங்க, கையில லூர்து தண்ணி புடிக்க காலி பாட்டிலு, பையில பக்கத்து வீட்டு ஆளுங்க குடுத்த வேண்டுதல் சீட்டு முப்பத்தி ஒண்ணு, ஒவ்வொண்ணு கூடயும் மெழுகுவர்த்திக்கு அஞ்சு வெள்ளி பத்து வெள்ளி. அத திருப்பிக் குடுக்க வீடு வீடா போனாங்க பாருங்க, அத எழுத எனக்கு முடியல.

அன்னைக்கு ராத்திரியே போன் போட்டேன், எடுத்தான். சிஸ்டம் டவுன்க்கா, காலையில சரி பண்ணிருவேன், கேஎல்ல ரூம் போட்டு தங்குங்கன்னான். காலையில, பாட்னர் ஏஜென்ட் ஏமாத்திட்டான், நானும் பாதிக்கப்பட்டவன்தான்னு வாய்ஸ் மெசேஜு. ஞாயித்துக்கிழமை, ரீஃபண்ட் 14 வேலை நாள் ஆகும், இடையில தீபாவளி வருதேன்னு. அதே ஞாயித்துக்கிழமைதான் லூவர்ல புகுந்து பட்டப்பகல்ல நகைய அடிச்சுட்டுப் போனானுங்க, ஊரே நியூஸ்ல பாத்துச்சு. அப்பா டிவிய பாத்துட்டு “நல்லவேளை நம்ம போகல”ன்னாரு. சிரிக்கிறதா அழுறதா தெரியல. செவ்வாய்க்கிழமை, போலீஸுக்கு போனா ரீஃபண்ட் லேட் ஆகும், கடவுள் பிள்ளைங்களா பொறுமையா இருங்கக்கான்னு ஒரு மெசேஜு. அதுக்கப்புறம் வாட்ஸ்அப்ல ஒரு டிக்தான். மேல்மாடிக்குப் போனா ஷட்டர் போட்டிருக்கு, செப்டம்பர்லேர்ந்தே வாடகை பாக்கின்னு டயர் கடை தவுக்கே (முதலாளி) சொல்றாரு. அவரு சொல்லித்தான் தெரியும், எங்களுக்கு முந்தியே ரெண்டு குடும்பம் வந்து கதவத் தட்டிட்டுப் போயிருக்காங்க.

போலீஸ் ரிப்போட் குடுத்தாச்சு. மோசடிப் புகார் நம்பர் 997க்கு அடிச்சேன், நல்லாத்தான் பேசுனாங்க, ஆனா காசு போன உடனே அடிச்சாத்தான் அக்கவுண்ட்ட புடிச்சு நிறுத்த வழி இருக்கும், நான் மூணு மாசம் கழிச்சு அடிக்கிறேன். அடுத்து பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல அஞ்சு வெள்ளி கட்டி கேஸ் பதியப் போறேன், 50,000 வெள்ளி வரைக்கும் அங்க கேக்கலாம், வக்கீல் வேணாம். ஆளு கிடைச்சாத்தானே நோட்டீஸ் போகும், அது வேற விசயம். அம்மா அந்தோணியாருக்கு நவநாள் ஆரம்பிச்சிருக்காங்க, தொலஞ்சத கண்டுபிடிச்சுக் குடுக்குறவராச்சே. அவரு ஊருக்குப் போகத்தான் காசே தொலஞ்சுச்சுன்னு நான் சொல்லல, மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டேன்.

என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், தலை வலிக்குது, சுருக்கமா சொல்லிர்றேன். ஆறு எழுத்து புக்கிங் நம்பர் டிக்கெட் இல்ல. டிக்கெட்டுக்கு 13 இலக்கத்துல தனி நம்பர் இருக்கும், அத வாங்கி நீங்களே ஏர்லைனுக்கு போன் போட்டு கேளுங்க, ஏஜென்ட் காட்டுறத பாக்காதீங்க. சுற்றுலா அமைச்சு லைசென்ஸ் நம்பர சுவத்துல பாத்து நம்பாதீங்க, அமைச்சு வெப்சைட்ல தேடி பேரு ஒத்துப் போகுதான்னு பாருங்க, எங்க ஆளு சுவத்துல மாட்டியிருந்தது வேற கம்பெனியோடது. தனி ஆளு அக்கவுண்ட்னா அந்த இடத்த விட்டு எந்திரிச்சிருங்க. காசு போடுறதுக்கு முன்னாடி அக்கவுண்ட் நம்பர போலீஸோட செமாக் மியூல் வெப்சைட்ல (ஏமாத்து அக்கவுண்ட்டான்னு பாக்குறது) தட்டுங்க, நான் இப்ப தட்டுனா அந்த நம்பர்ல ஏற்கனவே ரிப்போட் இருக்கு.

பேராக் வட பக்கம், டயர் கடை மேல்மாடி, மாதா படம், நல்லா தமிழ் பேசுவான், முப்பது முப்பத்தஞ்சு வயசு. டிசம்பர் பயணத்துக்கு அவன்கிட்ட காசு கட்டுனவங்க இன்னும் இருக்காங்கன்னு தவுக்கே சொன்னாரு. அது நீங்களா இருந்தா இன்னைக்கே டிக்கெட் நம்பர கேளுங்க, நாளைக்குத் தர்றேன்னு சொன்னான்னா நேரா ஸ்டேஷனுக்குப் போங்க, ரசீதையும் வாட்ஸ்அப் மெசேஜையும் அழிக்காதீங்க, எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க, சேந்து போவோம்.