பழைய செடானுக்கு 25/34 ஸ்பிரிங் செட்: முன்பக்கம் கச்சிதம், பின்பக்கம் கஞ்சத்தனம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஸ்பிரிங் செட் நல்ல சரக்கு. வயதாகிவிட்ட, ஆனால் தினமும் ஓடியே ஆக வேண்டிய செடானுக்குத் தாராளமாகப் போடலாம். எனக்கு இருக்கும் குறையெல்லாம் பின்பக்க ஜோடியோடுதான்.

வாங்க வைத்தது பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த இரண்டு எண்கள். முன்பக்கம் மி.மீ.க்கு 25 நியூட்டன், பின்பக்கம் 34. அதாவது முன் ஸ்பிரிங்கை ஒரு மி.மீ. அமுக்க 25 நியூட்டன், சுமார் இரண்டரை கிலோ பாரம், தேவை. இதைச் சொல்லாமல் "ஸ்போர்ட்", "ரேஸ்", "40 மி.மீ. இறக்கம்" என்று மட்டும் எழுதி விற்பவர்கள்தான் அதிகம். பவரைச் சொல்லாமல் மூக்குக் கண்ணாடி விற்கிற மாதிரிதான் அது. வண்டி எவ்வளவு இறங்கும் என்பது ஸ்பிரிங்கின் நீளம் சம்பந்தப்பட்டது. எவ்வளவு கடினம் என்பதற்கு அதில் பதில் கிடையாது.

போட்டிருக்கும் எண் உண்மையா என்று பார்க்க வெர்னியர் போதும். கம்பியின் தடிமன், சுருளின் விட்டம் (கம்பியின் நடுவிலிருந்து நடுவுக்கு), உண்மையில் அமுங்குகிற சுற்றுகளின் எண்ணிக்கை, இந்த மூன்றும் தெரிந்தால் கணக்குப் போட்டுவிடலாம். தடிமனின் நான்காம் அடுக்கை ஸ்டீலின் விறைப்பு எண்ணான 79,000-ஆல் பெருக்கி, விட்டத்தின் மூன்றாம் அடுக்கு, சுற்று எண்ணிக்கை, 8 ஆகியவற்றின் பெருக்கலால் வகுக்க வேண்டும். கழற்றிய பழைய முன் ஸ்பிரிங்கில் கம்பி 12 மி.மீ., விட்டம் 140, சுற்று 4. விடை 18.7. புதியதில் விட்டமும் சுற்றும் அதேதான். கம்பி மட்டும் 13. விடை 25.7.

பெட்டியில் 25, கணக்கில் 25.7. ஏமாற்று வேலை இல்லை, பெயின்ட். புது ஸ்பிரிங்கின் மேல் கெட்டியாகப் பூச்சு இருக்கிறது, வெர்னியர் அதையும் சேர்த்துத்தான் பிடிக்கும். கம்பியை 12.9 என்று வைத்துப் பார்த்தால் 24.9 வருகிறது. 0.1 மி.மீ. விலகினாலே விடை 3 சதவீதம் நகர்ந்துவிடும். நான்காம் அடுக்கு அப்படி. ஒரு மி.மீ. தடித்த கம்பி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடினத்தைக் கூட்டுவதும் அதனால்தான். சுற்றை வெட்டி வண்டியை இறக்குகிறவர்களுக்கும் இங்கே பதில் இருக்கிறது: நாலில் ஒரு சுற்று போனால் ரேட் (மி.மீ.க்கு இத்தனை நியூட்டன் என்கிற அந்த எண்) மூன்றில் ஒரு பங்கு ஏறும், அமுங்க இருக்கும் இடமோ குறையும். தயவுசெய்து வெட்டாதீர்கள்.

"பழைய ஸ்பிரிங் தளர்ந்து போச்சு, அதனால்தான் வண்டி ஆடுது" என்று எல்லா மெக்கானிக்கும் சொல்வார். பாதிதான் சரி. ஸ்டீல் ஸ்பிரிங் வருஷக்கணக்கில் பாரம் தாங்கினால் குட்டையாகும், ஆனால் அதன் ரேட் அநேகமாக அப்படியே இருக்கும். துருப்பிடித்துக் கம்பி மெலிந்தால்தான் ரேட் குறையும். என் வண்டி முன்பக்கம் 20 மி.மீ. உட்கார்ந்திருந்தது (சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தால் தெரியும்). அந்த 20 மி.மீ. போனால் பம்ப் ஸ்டாப், அதாவது சக்கரம் அதற்கு மேல் ஏறாமல் தடுக்கிற ரப்பர் கட்டை, அத்தனை அருகில் வந்துவிடும். சின்னப் பள்ளத்துக்கே அதில் போய் இடிக்கும், நாம் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்போம். அதற்கப்புறம் அலை அலையாக ஆடுவதை அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. ஸ்பிரிங்கின் மேல் பழி போடக் கூடாது.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் வண்டி நொடிக்கு எத்தனை தடவை மேலும் கீழும் ஆட விரும்புகிறது என்பதுதான் உடம்புக்குத் தெரிகிற எண். குடும்பத்தோடு போகிற செடானுக்கு 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ் வரை வசதி. 2-ஐ நெருங்கினால் ரோட்டில் கிடக்கிற ஒவ்வொரு ஒட்டும் முதுகெலும்புக்கு வந்து சேரும். என் வண்டியில் முன் சக்கரம் ஒவ்வொன்றின் மேலும் சுமார் 350 கிலோ. பழைய ஸ்பிரிங்கில் 1.1 ஹெர்ட்ஸ், இதில் 1.28. ரேட் 34 சதவீதம் ஏறினாலும் ஆட்டம் 16 சதவீதம்தான் ஏறுகிறது. அதனால் திருப்பத்தில் சாய்வது நன்றாகக் குறைந்தது, பிரேக் போட்டால் மூக்கு முன்போலக் குத்துவதில்லை, பாலம் ஏறி இறங்கினால் ஒரே தடவையில் அடங்குகிறது. கொத்திப் போட்ட ரோட்டில் மெதுவாகப் போகும்போது மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது. கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டியது 45 நியூட்டன் செட். அது 1.7 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுபோயிருக்கும். பின் சீட்டில் கழுத்து வலியோடு அம்மா வருகிற வண்டிக்கு அது ஆகாது.

திருப்பத்தில் சாய்வது மட்டும்தான் உங்கள் தொல்லை என்றால் ஸ்பிரிங்கையே தொட வேண்டாம், தடித்த ஆன்டி-ரோல் பார் (இடது, வலது சக்கரங்களை இணைக்கிற கம்பி) பாருங்கள். இரண்டு சக்கரமும் சேர்ந்து வேகத்தடை ஏறும்போது அது குறுக்கே வராது.

இப்போது பின்பக்கம். பெட்டியில் 34 என்று பார்த்ததும் முன்பக்கத்தைவிடக் கடினம் என்று தோன்றும். இல்லை. என் வண்டியில் பின் ஸ்பிரிங், சக்கரத்தை வண்டியோடு இணைக்கிற கீழ் ஆர்மின் மேல், சக்கரத்திலிருந்து உள்பக்கமாகத் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் 10 மி.மீ. ஏறினால் ஸ்பிரிங் 7 மி.மீ.தான் அமுங்கும். நகர்வில் ஒரு தடவை, விசையில் ஒரு தடவை என்று அந்த 0.7 இரண்டு முறை பெருக்கப்படுவதால், 34 நியூட்டன் சக்கரத்துக்குப் போய்ச் சேரும்போது 16.7 ஆகிவிடுகிறது. ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) வைத்த முன்பக்கத்தில் இந்த நஷ்டம் சுமார் 10 சதவீதம்தான். வேறு மாடல்காரர் "நான் 34 போட்டேன், அருமை" என்று சொன்னால் அது உங்களுக்குப் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம்.

நான் மட்டும் ஓட்டினால் பின்பக்கம் 1.33 ஹெர்ட்ஸ், முன்பக்கத்தைவிடச் சற்று வேகம். அப்படித்தான் இருக்க வேண்டும். முன் சக்கரம் மேட்டில் ஏறிச் சற்று கழித்துத்தான் பின் சக்கரம் ஏறுகிறது. பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடினால் முன்பக்கத்தைப் பிடித்துவிடும், வண்டி மட்டமாக அடங்கும். 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த மாரிஸ் ஆலி பாடுபட்டுக் கண்டுபிடித்த சங்கதி இது. ஆனால் பின்னால் மூன்று பேர், டிக்கி நிறையச் சாமான் என்று பக்கத்துக்கு 100 கிலோ ஏறினால் 1.11-க்கு விழுந்துவிடுகிறது. முன்பக்கம் முந்திக்கொள்ள, வண்டி தலையாட்ட ஆரம்பிக்கிறது. பழைய ஸ்பிரிங்கில் அந்தப் பாரத்துக்கு 72 மி.மீ. உட்காரும், இதில் 59. முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. 38 கொடுத்திருந்தால் முழு பாரத்திலும் 1.18 கிடைத்திருக்கும், ஆளில்லாத நாளிலும் 1.4-ஐத் தாண்டியிருக்காது. செடான் வாங்குகிறவன் பின் சீட்டுக்காகத்தானே வாங்குகிறான்? தயாரித்தவர்கள் ஓட்டுநரை மட்டும் உட்கார வைத்துச் சோதித்திருப்பார்கள் போல.

ஷாக் அப்சார்பரைப் புதிதாகப் போடாமல் இந்த செட்டை மாட்டாதீர்கள். 34 சதவீதம் கடினமான ஸ்பிரிங்கை அடக்க 16 சதவீதம் கூடுதல் பிடிப்பு தேவை. கம்பெனி அளவில் வருகிற புது ஷாக் அதைச் சமாளிக்கிறது, ஓடித் தேய்ந்தது சமாளிக்காது. 45 செட்டுக்கு 55 சதவீதம் வேண்டும்; அதற்குத் தனி ஷாக் தேட வேண்டியிருக்கும், செலவு எங்கேயோ போய்விடும். மேல் மவுண்ட், ஸ்பிரிங் உட்காரும் ரப்பர், பம்ப் ஸ்டாப் மூன்றையும் கூடவே மாற்றிவிடுங்கள், எப்படியும் எல்லாம் கழன்றுதான் கிடக்கும்.

மாட்டும்போது ஒன்றைக் கண்காணியுங்கள். ஆர்ம் புஷ் (ஆர்மின் முனையில் இருக்கும் ரப்பர் வளையம்) போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கிவிடுவார்கள். சக்கரம் தரையில் நின்ற நிலையில் கடைசி இறுக்கு கொடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். இதைப் பற்றி பெட்டிக்குள் இருந்த தாளில் ஒரு வரிகூட இல்லை. ஸ்டிக்கர் மட்டும் இரண்டு வைத்திருக்கிறார்கள். அப்புறம் வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் உயரம் இரண்டையும் பார்க்க வேண்டும். வண்டியின் முன்பக்கம் மேலே வந்தால் வெளிச்சமும் எதிரே வருபவர் கண்ணுக்கு ஏறிவிடும்.

பின் ஜோடியை மட்டும் 38-இல் தருவார்களா என்று விற்றவரிடம் கேட்டேன். செட்டாகத்தான் தருவார்களாம். நாலு பேரோடு ஓடுவதுதான் உங்கள் வண்டியின் தினசரி வேலை என்றால், முன்னுக்கு இதை வாங்கிப் பின்னுக்கு வேறு இடத்தில் 36-க்கும் 38-க்கும் நடுவில் தேடுங்கள்.