சென்னைக் கடல் தண்ணீரில் மரைன் டேங்க்: ஆண்டு முழுக்க ஓட்டினால் தெரிவது

வீட்டில் கடல் மீனும் பவளமும் வளர்க்கும் தொட்டிதான் மரைன் டேங்க். அதற்குக் கடையில் விற்கும் பாக்கெட் மரைன் உப்பைக் கரைத்தால் எந்த மாதமும் ஒரே தண்ணீர். கடலில் மொண்டால் அப்படி இல்லை. மே மாதம் உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) காட்டிய அதே கரை, நவம்பர் கடைசியில் 30-க்குக் கீழே இறங்கிவிடும். கடல் தண்ணீர் சும்மா கிடைக்கிறதே என்று ஆரம்பிப்பவர்கள் பாதியில் விடுவதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம் இடுப்பு. 20 லிட்டர் கேன் நிரம்பினால் தண்ணீர் மட்டும் இருபதரை கிலோ. 300 லிட்டர் தொட்டிக்கு வாரம் பத்து சதவீதம் மாற்றுவதென்றால் மாதம் 120, 130 லிட்டர் வேண்டும், அதாவது ஆறேழு கேன். மூன்றாவது மாடியில் லிஃப்ட் இல்லாத வீடு என்றால் உப்பே வாங்கிவிடலாம்.

உப்பு இறங்குவதற்குச் சென்னையில் பெய்யும் மழைதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. தென்மேற்குப் பருவத்தில் கங்கை, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் வங்கக் கடலில் கொட்டிய நன்னீர், அக்டோபர் வாக்கில் கரையோர நீரோட்டம் தெற்கே திரும்பியதும் கரையை ஒட்டியே இறங்கி வருகிறது. அதனால்தான் மழை விட்டு நாலு நாள் வெயிலடித்து, தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தாலும் டிசம்பரில் உப்பு குறைவாகவே இருக்கும். தெளிவைப் பார்த்து மொண்டுவந்து தொட்டியில் ஊற்றினால், மீன் தாங்கிக்கொள்ளும், இறாலும் பவளமும் தாங்காது. பிப்ரவரிக்கு மேல் நீரோட்டம் வடக்கே திரும்ப, உப்பும் ஏறிவிடும். ஆக, மார்ச் முதல் செப்டம்பர் வரை கடல், அக்டோபர் முதல் ஜனவரி வரை சேமிப்பும் பாக்கெட்டும். இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டால்தான் கடல் தண்ணீர் கட்டுப்படியாகும்.

மழை மாதத்தில் வேறு வழியே இல்லை, 28 பிபிடி தண்ணீர்தான் கையில் இருக்கிறது என்றால், 100 லிட்டருக்கு சுமார் 800 கிராம் மரைன் உப்பு சேர்த்தால் 35-க்குப் பக்கத்தில் வரும். பாதியைக் கரைத்து அளந்துவிட்டு மீதியைப் போடுவது நல்லது. சமையல் உப்போ கல் உப்போ வேண்டாம். எண் 35 காட்டும், கால்சியமும் மக்னீசியமும் குறைந்தபடியே இருக்கும்.

ரிஃப்ராக்டோமீட்டரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கடையில் மலிவாகக் கிடைப்பதில் பல, வெறும் சோடியம் குளோரைடு கரைசலுக்கு அளவு குறித்தவை. கடல் தண்ணீரில் அவை ஒன்றரை பிபிடி வரை கூட்டிக் காட்டும். ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்யத்தை மட்டும் சரிபார்த்தால் இந்தப் பிழை வெளியே தெரியாது. 35 பிபிடி காலிபரேஷன் திரவம் ஒரு பாட்டில் வாங்கி மாதம் ஒரு தடவை சரிபாருங்கள். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே அளவு போச்சு.

எங்கே மொள்வது? எங்கே மொள்ளக்கூடாது என்று பார்த்துவந்தால் மிச்சம் கொஞ்சம்தான். எண்ணூர் முகத்துவாரம், கூவம், அடையாறு சேரும் இடங்கள் வேண்டாம். காசிமேடு மாதிரி துறைமுகத்துக்குள் இருக்கும் தண்ணீரும் வேண்டாம்: படகின் அடியில் பூசும் பெயின்டில் தாமிரம் இருக்கும், டீசல் படலமும் மிதக்கும். தாமிரம் மீனுக்கு மருந்து, இறாலுக்கும் பவளத்துக்கும் விஷம். ஈ.சி.ஆரில் தெற்கே போனால் முட்டுக்காடு முகத்துவாரம் கோடையில் மணல் அடைத்துக் கிடக்கும், மழைக்காலத்தில் திறந்துகொள்ளும். திறந்திருக்கும்போது அதன் பக்கம் போகவேண்டாம். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013 முதல் ஓடுகிறது, 2024-இல் இரண்டாவது ஆலையும் சேர்ந்தது. அவற்றின் கழிவுநீர்க் குழாய் வாய்க்குப் பக்கத்தில் உப்பு வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும். இவற்றுக்கெல்லாம் தள்ளி, ஆறோ ஓடையோ சேராத மணற்கரையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலை உடையும் இடத்தில் நின்று மொண்டால் பாதி மணல். இதைவிட நல்ல வழி, விடியற்காலையில் வலைக்குப் போகும் ஃபைபர் படகுக்காரரிடம் காலி கேன்களைக் கொடுத்துவிடுவது. "அண்ணே, கரையிலிருந்து ரெண்டு மூணு கிலோமீட்டர் தாண்டி, எஞ்சினை நிறுத்திட்டு, முன்பக்கமா மொண்டு குடுங்க" என்று தெளிவாகச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் திரும்பி வரும்போது கரையருகே பின்பக்கம் மொண்டதுதான் வரும். மூடியோடு கேனை முழங்கை ஆழம் அமுக்கி, உள்ளே வைத்தே திறந்து, உள்ளே வைத்தே மூடினால் மேலே மிதக்கும் எண்ணெயும் குப்பையும் சேராது. கூலியைப் பேசும்போது கேன் கணக்கில் பேசுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்குத்தான். சின்ன ஃபைபர் படகுகள் போய்வரும். உப்பு நன்றாக ஏறியிருக்கும் பருவமும் அதுவே.

கரையிலிருந்தே எடுப்பதென்றால் கடல் ஏற்றம் முடியும் நேரத்தில் எடுங்கள். வற்றும்போது கரையின் அழுக்கு கடலுக்குப் போகிறது, ஏறும்போது வெளிக்கடல் தண்ணீர் கரைக்கு வருகிறது. ஐதராபாத்தின் இன்கோயிஸ் நிறுவனம் ஓத நேரத்தையும் அலை உயரத்தையும் வெளியிடுகிறது. பார்த்துவிட்டுக் கிளம்பினால் பெட்ரோல் மிச்சம். கடல் நீல வெளிச்சம் அடிக்கும் இரவுக்கு மறுநாள் போகவே வேண்டாம். 2019 ஆகஸ்டில் சென்னைக் கரையில் எல்லாரும் செல்ஃபி எடுத்த அந்த வெளிச்சம் நாக்டிலூக்கா என்ற ஒருசெல் உயிரி. தன் உடலுக்குள் அம்மோனியம் சேர்த்து வைத்து மிதப்பது அது. கேனுக்குள் செத்தால் அவ்வளவும் தண்ணீரில்.

ராமநாதபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தென்மேற்குக் காற்றில் மன்னார் வளைகுடா கலங்கினால் பாக் நீரிணைப் பக்கம் போகலாம், வாடையில் பாக் நீரிணை கலங்கினால் தெற்குப் பக்கம் வரலாம். ஆண் கடல், பெண் கடல் என்று அங்கே சொல்வது சும்மா இல்லை. ஆனால் 21 தீவுகளைச் சுற்றியுள்ள தேசியப் பூங்கா எல்லைக்குள் போகக்கூடாது. தண்ணீரோடு பவளத் துண்டு, கடற்குதிரை, கடல் அட்டை எதையும் கொண்டுவரவும் கூடாது; 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மூன்றுமே பாதுகாக்கப்பட்டவை.

கேன் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. பினாயில், கெமிக்கல், எண்ணெய் இருந்த பழைய டிரம்மை எத்தனை தடவை கழுவினாலும் பிளாஸ்டிக் விட்டுக்கொண்டே இருக்கும். உணவுத் தரமான 35 லிட்டர் கேன், அகல வாய், ரப்பர் வாஷர் உள்ள மூடி. அதையும் முக்கால்வாசி நிரப்பினால்தான் இரண்டு பேர் தூக்க முடியும். கம்பிக் கைப்பிடி வாளி, பித்தளை நாசில், ஜி.ஐ. பைப் எதுவும் தண்ணீர் போகும் பாதையில் இருக்கக்கூடாது. காரில் கொண்டுவந்தால் கேனுக்கு அடியில் பிளாஸ்டிக் ட்ரே வையுங்கள். தரை விரிப்புக்கு அடியில் சிந்திய உப்புத்தண்ணீர் ஆறு மாதம் கழித்துத்தான் துருவாக வெளியே வரும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பெரும்பாலான தொட்டிகள் கெடுகின்றன. அன்றே, 5 மைக்ரான் ஃபெல்ட் பையில் வடிகட்டி ஊற்றிவிடலாம். இல்லாவிட்டால் மூடிய, இருட்டான டிரம்மில் இரண்டு வாரம் விடவேண்டும். இரண்டுக்கும் நடுவில், மூன்றாம் நாள் நான்காம் நாள், தண்ணீர் மிக மோசமான நிலையில் இருக்கும்: மிதவை உயிர்கள் செத்து, பாக்டீரியா பெருகி, ஆக்சிஜன் தீர்ந்து, அம்மோனியா ஏறியிருக்கும். திறந்தால் அழுகிய முட்டை வாடை. அந்த வாடை வந்த தண்ணீரைக் கொட்ட வேண்டியதில்லை. ஏர் ஸ்டோன் போட்டு இன்னும் பத்து நாள் ஓடவிட்டால் தெளியும். இரண்டு வாரம் முடிந்ததும் அடியில் படிந்த வண்டலைக் கலக்காமல் மேலிருந்து சைஃபன் எடுத்து, ஒரு நாள் காற்று ஊதி, அம்மோனியா பூஜ்யம் என்று பார்த்த பிறகே ஊற்றலாம். இருட்டில் வைப்பதில் இன்னொரு லாபம், மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணிகளின் நீந்தும் பருவம் செத்துப்போகும். கிளிஞ்சலோ மணலோ உள்ளே கிடந்தால் அதில் ஒட்டிய முட்டைக்கூடுகள் தப்பிவிடும்.

அவசரம் என்றால் குளோரின், இறால் குஞ்சுப் பண்ணைகள் செய்கிற மாதிரி. வாசனை சேர்க்காத, 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 100 லிட்டருக்கு 20 மி.லி. விட்டால் 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) குளோரின் வரும். ஒரு நாள் காற்று ஊதுங்கள். பிறகு குளோரின் மிச்சமிருக்கிறதா என்று காட்டும் ஓ.டி.ஓ. சொட்டுமருந்தில் மஞ்சள் தெரிந்தால், குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்ஃபேட்டை ஒவ்வொரு கிராமாகக் கரைத்து ஊற்றி, மஞ்சள் போகும் வரை பாருங்கள். 10 பிபிஎம் முழுசாக மிச்சமிருந்தாலும் 100 லிட்டருக்கு 7 கிராம் போதும். வெயில் பட்டு, மாதக்கணக்கில் கிடந்த ஹைப்போகுளோரைட்டில் 5 சதவீதம் இருக்காது; புது பாட்டில் வாங்குங்கள்.

நீண்ட நாள் ஓட்டத்தில் தெரிவது கார அளவு விவகாரம். வெளிக்கடல் தண்ணீரில் கால்சியம் 410, 420 பிபிஎம், மக்னீசியம் 1,300-க்குக் கொஞ்சம் கீழே, காரம் 6.5 முதல் 7 டிகேஹெச் (காரத்தை அளக்கும் அலகு). மீனும் மென்பவளமும் மட்டும் இருந்தால் அதுவே போதும். கல் பவளம் வளர்ப்பவர்கள் 8-க்கு மேல் பழக்கிய தொட்டியில் இதை ஊற்றினால் வாராவாரம் கொஞ்சம் இறங்கும். 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா ஒரு டிகேஹெச் ஏற்றும். மாற்றப்போகும் தண்ணீரிலேயே கரைத்துவிடுங்கள், தொட்டியில் நேரே கொட்டாதீர்கள்.

கரைத் தண்ணீரில் சிலிக்கேட் வருவதால் முதல் இரண்டு மூன்று மாதம் கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புப் படலம் படியும். துடைத்துக்கொண்டே இருந்தால் தானாகக் குறையும், மருந்து ஊற்றத் தேவையில்லை. ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு மட்டும் கடல் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஆவியில் உப்பு போவதில்லை. சென்னை வெயிலில் நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் குறையும் தொட்டியில் அதே அளவு கடல் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தால் இரண்டு வாரத்தில் 40-ஐ நெருங்கும். அதற்கு ஆர்.ஓ. தண்ணீர்தான்.

200 லிட்டர் டிரம் இரண்டு இருந்தால் ஒன்று இருட்டில் ஊறும், மற்றது செலவாகும். செப்டம்பரில் இரண்டையும் நிரப்பி வைத்தால் டிசம்பர் வரை இழுக்கலாம். ஜனவரிக்கு ஒரு பாக்கெட் உப்பு.