செல்களைச் சமன்படுத்த பாசிவா, ஆக்டிவா?

வரிசையாக இணைத்த லித்தியம் செல்களில் ஒன்று முதலில் நிரம்பினாலே பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் மின்சுற்று) சார்ஜிங்கை நிறுத்திவிடும். மற்றவை அரைகுறையாக நிற்கும். இதைச் சரிசெய்வதுதான் சமன்படுத்தல்; அதற்கு இரண்டு வழிகள்.

பாசிவ் முறை அந்தச் செல்லின் மிகுதியை ஒரு ரெசிஸ்டர் வழியாகச் சூடாக்கிக் கழிக்கிறது. 4.2 வோல்ட்டில் 42 ஓம் வைத்தால் 100 மில்லிஆம்பியர் ஓடும், 0.42 வாட் வெப்பம் வரும். 1 ஆம்பியர்-மணி வித்தியாசம் தீர 10 மணி நேரம்! பல செல்கள் ஒரே போர்டில் என்றால் அந்தச் சூடு எங்கே போகும் என்று முதலிலேயே யோசியுங்கள்.

ஆக்டிவ் முறை அந்த மிகுதியை இண்டக்டர் (கம்பிச்சுருள்) வழியாகக் குறைந்த செல்லுக்கு மாற்றும். விலை அதிகம், பழுதாகும் இடங்களும் அதிகம்.

புதிய, ஒன்றுக்கொன்று பொருந்தும் செல்களுக்குப் பாசிவே போதும் என்பேன். பழைய செல்களை மறுபடி பயன்படுத்தினால் ஆக்டிவ்தான். அப்புறம், எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல்களை 3.4 வோல்ட்டுக்கு மேல் மட்டும் சமன்படுத்துங்கள். சார்ஜின் நடுப்பகுதியில் வோல்டேஜ் அதிகம் நகராது, அளவீடு ஏமாற்றிவிடும்.